மேலே மழை, கீழே வெயில்: இரண்டு பேர் சேர்ந்து கட்டிய பாட்டு

இங்கே மொரீஷியஸில், தொடக்கப் பள்ளியில் என்னிடம் தமிழ் படித்த பிள்ளைகள் சிலர் இப்போது வளர்ந்து பாட்டு எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். எங்கே பார்த்தாலும் அவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "மிஸ், மெட்டு முதலிலா, வார்த்தை முதலிலா?" பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில் இதற்கு முழுப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

இரண்டும் நடக்கும். சீர்காழி அருணாசலக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் இராமாயணத்தைக் கீர்த்தனைகளாகப் பாடினார். சொல் அவருடையது, இசை அமைத்ததில் அவருடைய மாணவர்களான சட்டநாதபுரம் வேங்கடராமையருக்கும் கோதண்டராமையருக்கும் பங்கு உண்டு. கச்சேரியில் அந்தக் கீர்த்தனையைப் பாடும்போது கவிராயர் பெயரைச் சொல்கிறோம், மாணவர்கள் பெயரைச் சொல்வதில்லை. எனக்கு அது எப்போதும் ஒரு குறையாகவே படும். சினிமா வந்த பிறகு வழி பெரும்பாலும் தலைகீழானது. இசையமைப்பாளர் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு 'தானன தானன' என்று தத்தகாரம் சொல்வார், கவிஞர் அந்த அளவுக்குச் சொல்லை இட்டு நிரப்புவார். எம். எஸ். விஸ்வநாதனும் கண்ணதாசனும் இரண்டு வழியிலும் வேலை செய்தவர்கள்.

ஆங்கிலப் பாட்டுக்காரர்களிடமும் இதே கதைதான். எல்டன் ஜானும் பெர்னி டாப்பினும் 1967இல் சேர்ந்தவர்கள். டாப்பின் முழுப் பாட்டையும் தாளில் எழுதிக் கொடுத்துவிடுவார், எல்டன் ஜான் தனியாகப் பியானோவில் உட்கார்ந்து மெட்டுப் போடுவார். ஒரே அறையில் இருக்கக்கூட வேண்டியதில்லை. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னிக்கோ ஒரு மெட்டு தூக்கத்தில் முழுசாக வந்தது. வார்த்தை வரவில்லை. மெட்டு மறந்துபோகக் கூடாதே என்று 'ஸ்கிராம்பிள்டு எக்ஸ்' என்று ஏதோ முட்டைப் பொரியலைப் பற்றிப் பாடி வைத்திருந்தார். 1965இல் அது 'யெஸ்டர்டே' ஆக வெளிவந்தது. முட்டையும் நேற்றும் பொருளில் எங்கோ இருக்கின்றன, ஆனால் அசைக்கணக்கில் அந்த முட்டைதான் இடம் பிடித்து வைத்தது. பாட்டு எழுதுகிற யாரும் இந்தப் பொய் வார்த்தைகளைக் கண்டு கூச்சப்படத் தேவையில்லை. அவை மெட்டுக்குக் காவல்.

எங்கள் வழி இந்த இரண்டிலும் சேராது. எங்களுக்குத் தாளம்தான் முதலில் வரும்.

'எங்கள்' என்றால் நானும் போ பாசென் ஊரில் இருக்கும் ஒரு ரவான் பறைக் கலைஞரும். பகலில் கொத்தனார் வேலை, சனி ஞாயிறுகளில் கல்யாண வீடுகளிலும் கடற்கரை விருந்துகளிலும் சேகா, அதாவது எங்கள் தீவின் நாட்டுப்புற ஆட்டப்பாட்டு. என் அப்பாவின் நண்பர், வயதில் மூத்தவர், அதனால் சின்ன வயதிலிருந்தே எனக்கு அவர் 'தோந்தோன்'. மாமா, பெரியப்பா வயதுக்காரர்களை இங்கே எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். நான் டீச்சர் ஆன நாளிலிருந்து அவர் என்னை 'மிஸ்' என்கிறார். நாங்கள் பேசிக்கொள்வது இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில். அவருக்குத் தமிழ் தெரியாது. 'வணக்கம்' தெரியும், 'காவடி' தெரியும், என் அம்மா சமைத்த கறிகளின் பெயர் தெரியும், அவ்வளவுதான். நான் எழுதும் பாட்டெல்லாம் தமிழ்ப் பாட்டு. இது எப்படி நடக்கிறது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இதனால்தான் நடக்கிறது என்பது என் எண்ணம்.

ரவான் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மர வளையத்தில் ஆட்டுத்தோல் இழுத்துக் கட்டிய பெரிய பறை. சேகா பாட்டில் ரவான்தான் முதலில் பேசும், வேகத்தை அதுதான் நிர்ணயிக்கும். கூடவே மராவான், அதாவது கரும்புப் பூத்தண்டால் செய்து உள்ளே விதை போட்ட தட்டைப் பெட்டி. அப்புறம் ஒரு முக்கோணக் கம்பி. தனிப் பாடகர் வரியை அந்த இடத்திலேயே கட்டிப் பாடுவார், கூட்டம் திருப்பிச் சொல்லும். சேகா ராஜா என்று 1964இல் லெ மோர்னில் முடிசூட்டப்பட்ட தி ஃப்ரேர், இயற்பெயர் ழான் அல்ஃபோன்ஸ் ராவாத்தோன், அப்படிக் கட்டிப் பாடியவர்தான். 2014இல் யுனெஸ்கோ இந்தப் பழைய சேகாவை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் சேர்த்தது. எங்கள் தீவு பெருமைப்பட வேண்டிய விஷயம், நான் பெருமைப்படுகிறேன்.

இப்போது செயற்கைத் தோல் போட்ட ரவான் நிறைய வந்துவிட்டது. தோந்தோன் வைத்திருப்பது தோல். ஈரக் காற்றில் அது தொய்ந்துபோகும், வாசிப்பதற்கு முன்னால் தீயில் காட்டிச் சூடேற்ற வேண்டும். முற்றத்தில் காய்ந்த கரும்புச் சோகையைக் கொளுத்தி, ரவானைச் சுற்றிச் சுற்றிக் காட்டுவார். நடுநடுவே விரலால் தட்டி ஓசை ஏறிவிட்டதா என்று பார்ப்பார். அந்தத் தட்டலில்தான் எங்கள் பாட்டில் பாதி பிறக்கிறது. அவர் அப்போது 'வாசிப்பதில்லை', சும்மா சோதிக்கிறார். கை தன் போக்கில் போகும். நான் போனில் பதிவை ஓடவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். சரி, ஏதோ ஒன்று நன்றாக இருக்கிறது என்று தோன்றினால் "அதையே இன்னொரு தரம்" என்பேன். அவர் அதன்மேல் வாய்க்கு வந்ததை முனகுவார். கிரியோலும் இல்லை, பிரெஞ்சும் இல்லை. நான் அதில் உயிர் எழுத்தை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்வேன்: ஏ ஏ அ ஐ, ஈ ஏ எ இ. அந்தப் பக்கத்தை யாராவது பார்த்தால் முதல் வகுப்புப் பிள்ளையின் நோட்டு என்று நினைப்பார்கள். எனக்கு அதுதான் வரைபடம்.

சேகாவின் நடை ஆறு தட்டு, மும்மூன்றாகப் பிரியும். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் திஸ்ரம்: தகிட தகிட. காவடிச்சிந்து பாடியவர்களுக்கு இது புதிதில்லை. 19ஆம் நூற்றாண்டில் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன்மேல் பாடிய சிந்துகள் பெரும்பாலும் இந்த நடையில் ஓடுபவை, காவடியோடு நடக்கிற காலுக்கென்றே அமைந்தவை. தைப்பூசத்தன்று காத் போர்னில் கோர் தெ கார்ட் மலைக்கோவிலுக்கு ஏறுகிற கூட்டத்தின் பாட்டைக் கேட்டுவிட்டு, அன்று மாலையே ஒரு சேகா கேட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. கால் ஒரே மாதிரி போகும் என்கிறேன். தமிழ்ச் சொல்லைச் சேகாவுக்குள் வலிந்து திணிக்க வேண்டியதில்லை, அதற்கு அங்கே ஏற்கெனவே இடம் இருக்கிறது என்று எனக்கு விளங்கியது அப்படித்தான்.

இப்போது ஒரு பாட்டை எடுத்துக்கொள்கிறேன்.

கியூர்பிப் மேட்டில் மழை பெய்துகொண்டே இருக்கும், கீழே கடலோரத் தலைநகர் போர்ட் லூயிஸில் வெயில் கொளுத்தும். இடையில் உள்ள தூரம் கொஞ்சம்தான். அந்தக் காலத்தில் அம்மாமார்கள் விடியுமுன் பஸ் பிடித்து மேட்டிலிருந்து கீழே வேலைக்குப் போய் வந்தார்கள். காலையில் நனைந்து, மதியம் காய்ந்து, மாலையில் திரும்ப நனைந்தார்கள். அவர்களைப் பற்றி ஒரு பாட்டு வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை. தோந்தோனிடம் கதையைச் சொன்னேன். அவருடைய அம்மாவும் அதே பஸ்ஸில் போனவர்தான். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ரவானை எடுத்துவிட்டார்.

மேலே சொன்ன ஏ ஏ அ ஐ அன்று வந்ததுதான். அதற்கு நான் வைத்த சொல்:

மேலே மழை கீழே வெயில்
நடுவே ஒருத்தி நடந்தாள்

முதல் அடியைத் தட்டிப் பாருங்கள். 'மே' இரண்டு தட்டு, 'லே' ஒன்று. 'ம' ஒன்று, 'ழை' இரண்டு. 'லே' நெடில்தான், ஆனால் ஓட்டத்தில் ஒரு தட்டுக்குள் அடங்கிவிடுகிறது. 'கீழே வெயில்' அதே அச்சு. இரண்டாம் அடியில் நடை மாறுகிறது: நடுவே, ஒருத்தி, நடந்தாள், மூன்றும் தகிட தகிட தகிட. முதல் அடி ஆடுகிறது, இரண்டாம் அடி நடக்கிறது. அவள் நடக்கும்போது பாட்டும் நடக்க வேண்டும் என்று நான் திட்டம் போடவில்லை, ரவான் அந்த இடத்தில் நேராகப் போனது, சொல் பின்னால் போனது. கடைசி 'தாள்' மட்டும் அந்தச் சுற்று முடியும்வரை நீளும்.

அடுத்த அடிக்கு நான் எழுதி வைத்திருந்தது 'விரலில் எண்ணிய காசு'. படிக்க நன்றாக இருக்கிறது, எனக்கு இன்றும் பிடிக்கும். பாடிக் காட்டினேன். தோந்தோன் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "மிஸ், கடைசியில் ஏன் வாயை மூடிக்கொள்கிறீர்கள்?"

அவருக்குப் பொருள் தெரியாது. தெரிந்திருந்தால் காசு எண்ணும் விரலைப் பார்த்திருப்பார், அந்த இடத்தைத் தாண்டிப் போயிருப்பார். தெரியாததால் ஓசையை மட்டும் கேட்டார். அவர் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. தமிழ்ச் சொல் க், ச், ட், த், ப், ற் என்று வல்லின மெய்யில் முடியாது. அதனால் பாட்டு, காடு, காசு, நெருப்பு என்று ஓர் உகரம் ஒட்டிக்கொள்ளும். அது அரை மாத்திரை, குற்றியலுகரம். பேச்சில் உதடுகூடக் குவியாது. அதைக் கொண்டுபோய் நான்கு தட்டு நீளும் இடத்தில் வைத்தால் 'காசூ' என்று இழுக்க வேண்டியிருக்கும், இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். இலக்கணத்தை வகுப்பில் எத்தனையோ ஆண்டு சொல்லிக் கொடுக்கிறேன். அது பாட்டில் எங்கே வலிக்கும் என்று எனக்குக் காட்டியது தமிழ் தெரியாத காது.

அன்றே மாற்றினோம்:

காசை விரலால் அளந்தாள்

'நடந்தாள்', 'அளந்தாள்' என்று இயைபும் வந்தது. 'தாள்' என்பதில் ஆகாரம் வாயைத் திறந்து வைக்கிறது, ளகரம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கும். பாட்டு எழுத வரும் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் முதல் பாடம் இதுதான். நீளுகிற இடத்துக்கு ஆ, ஓ, ஏ பாருங்கள். மெய் வேண்டுமென்றால் ன், ம், ல், ள், ர் பாருங்கள். குற்றியலுகரத்தை ஓடுகிற இடத்தில் வையுங்கள், அங்கே அது அழகு. எதுகை மோனை அப்புறம் வரட்டும்.

'ஒருத்தி' என்ற சொல்லில் இன்னொன்று நடந்தது. எங்கள் கோவில் குழுவில் பாடும் இளம் பெண்களில் பெரும்பாலோர் தமிழை ரோமன் எழுத்தில்தான் படிக்கிறார்கள், அதுவும் பிரெஞ்சு வாசிப்புப் பழக்கத்தோடு. உகரத்துக்கு இரண்டு எழுத்துப் போட்டு எழுதிக் கொடுக்காவிட்டால் வேறு ஒலியாகிவிடும். அதைவிடக் கஷ்டம் ஒற்று. வீட்டில் கிரியோல் பேசும் வாய்க்கு 'த்' என்று ஒரு கணம் நிறுத்தும் பழக்கம் இல்லை. 'ஒருதி' என்று வழுக்கிப் போகும். எத்தனை முறை திருத்தினாலும் அடுத்த ஒத்திகையில் திரும்ப அதே. தோந்தோன் ஒரு நாள் ஒத்திகைக்கு வந்திருந்தார். நான் எதற்காகத் திரும்பத் திரும்ப நிறுத்துகிறேன் என்று கேட்டார். சொன்னேன். அவர் அந்த 'த்' விழும் இடத்தில் ரவானின் ஓரத்தில் ஒரு வறட்டுத் தட்டு வைத்தார். ஒ, ருத், டக், தி. பெண்கள் அந்தத் தட்டுக்காகக் காத்திருக்கத் தொடங்கினார்கள். ஒற்று வந்துவிட்டது. இப்போது ரவான் இல்லாமல் பாடினாலும் அந்த இடத்தில் நிற்கிறார்கள்.

இந்தப் பெண்களில் சிலருக்கு வாரம் முழுவதும் வாயால் சொல்லும் தமிழ் இந்தப் பாட்டு மட்டும்தான். இதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு சொல்லும் கனக்கிறது. எளிமையாக எழுதுங்கள், அவர்களுக்கு என்ன புரியப் போகிறது என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்வதில்லை. சொல் வாயில் சுலபமாக அமர வேண்டும், அது என் கடமை. ஆனால் உள்ளே ஒன்றும் இல்லாத சொல்லாகத் தேடிப் போடுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதைக் குறைவு. 'விரலால் அளந்தாள்' என்றால் என்ன அக்கா என்று ஒரு பெண் கேட்டாள். நாணயத்தைக் கண்ணால் பார்க்காமல் முந்தானை முடிச்சுக்குள் தடவித் தடவி எண்ணுவதைச் செய்து காட்டினேன். என் பாட்டியும் அப்படிச் செய்வார் என்றாள். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

சரணத்தில் ஒரு சண்டையும் வந்தது. ரயில் வந்துவிட்டதே, மகள் இப்போது மெட்ரோவில்தானே போகிறாள். 2020இல் போர்ட் லூயிஸிலிருந்து ரோஸ் ஹில் வரை ஓடத் தொடங்கிய மெட்ரோ 2022இல் கியூர்பிப் வரை வந்தது. அம்மாவின் பஸ் ஓடிய அதே தடம், ஏறக்குறைய. 'மகளுக்கு இன்று மெட்ரோ' என்று எழுதிவிட்டு நானே அடித்தேன். பழைய பாட்டு மாதிரி ஒலிக்கும் ஒன்றில் அந்தச் சொல் உறுத்துமோ என்று பயம். தோந்தோன் விடவில்லை. "பாட்டு முழுவதிலும் எனக்குப் புரிந்த ஒரே சொல் அது. அதையும் எடுத்துவிடுவீர்களா?" என்றார். பாடிப் பார்த்தோம். சொல் 'ரோ' என்று ஓகாரத்தில் முடிகிறது. நீளும் இடத்துக்குச் செய்து வைத்த மாதிரி. ஒத்திகையில் எல்லாக் குரலும் அங்கே திறந்துகொள்கிறது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன், இப்போது பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் அது ஒன்று.

பதிலுக்கு நானும் ஒரு வரியை விட்டுக்கொடுத்தேன். 'ஈரச் சேலையில் ஊர் மணந்தது'. அந்த இடத்தில் மராவானும் முக்கோணமும் சேர்ந்து ஓடுகின்றன, சொல்லுக்கு மூச்சு விட நேரம் இல்லை. இரண்டு தட்டு காலியாக விட்டோம். நோட்டில் அந்த வரி பத்திரமாக இருக்கிறது, வேறு பாட்டுக்கு ஆகும்.

கோவில் விழாக்களில் சினிமா மெட்டுக்குப் பக்தி வரி எழுதிப் பாடுவதைப் பற்றியும் பிள்ளைகள் கேட்கிறார்கள். பழகுவதற்கு அது நல்ல பயிற்சி. அளவு தெரியும், அசை பிடிபடும். மேடையில் வேண்டாம் என்பது என் கருத்து. கேட்பவர் மனத்தில் முருகன் வருவதற்கு முன்னால் கதாநாயகன் வந்து நிற்பான், மெட்டு வேறொருவருடைய உழைப்பு என்பதும் இருக்கிறது. இத்தனை தாளமும் இத்தனை ராகமும் நம் தீவிலேயே சுற்றி இருக்கும்போது எதற்குக் கடன்? மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் கர்நாடக இசை படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள், தெருவுக்கு ஒரு ரவான்காரர் இருக்கிறார். இருவரும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனால் போதும்.

கடைசியாகக் காசு, பெயர். இதைப் பேசக் கூச்சப்படுபவர்கள்தான் பிறகு பேச்சே இல்லாமல் போகிறார்கள். பீட்டில்ஸின் ஜான் லெனனும் மெக்கார்ட்னியும் பையன்களாக இருந்தபோதே பாட்டு யார் எழுதினாலும் இருவர் பெயரும் போகும் என்று முடிவு செய்துகொண்டார்கள். நாங்களும் அப்படித்தான், சரிபாதி. 'காசு' என்ற ஒரு சொல்லை அவர் கேட்டதற்கு எத்தனை சதவீதம் என்று யாரால் கணக்குப் போட முடியும்? பாட்டு முடிந்த அன்றே ஒரு தாளில் பாட்டின் பெயர், தேதி, இருவர் பெயர், பங்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவோம். போன் பதிவையும் அழிக்காமல் வைத்திருப்போம். அப்புறம் பாட்டுக்காரர்களின் உரிமையைப் பார்க்கும் மாசா சங்கத்தில் பதிவு செய்யும்போது சொல் நான், இசை அவர் என்று போடாமல் பாட்டு இருவருடையது என்றே போடுகிறோம். பாட்டு எழுதும் பிள்ளைகளே, உங்கள் நண்பர் மத்தளம் தட்டியபோது பிறந்த வரி என்றால் அவர் பெயரையும் எழுதுங்கள். சட்டநாதபுரத்து மாணவர்கள் இருவரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

'மேலே மழை' இன்னும் முடியவில்லை. கடைசிச் சரணத்தில் பேசுவது யார் என்பதில்தான் நிற்கிறோம். அம்மா மகளிடம் பேச வேண்டும் என்கிறேன் நான், ஏனென்றால் அதுவரை அவள் வாயே திறக்கவில்லை. தோந்தோன் ஒருவரும் பேச வேண்டாம், கூட்டம் முதல் அடியைத் திருப்பிச் சொல்லட்டும், சேகா அப்படித்தான் முடியும் என்கிறார். இரண்டையும் பாடிப் பார்க்க வரும் சனிக்கிழமை குழுப் பெண்களை அவர் முற்றத்துக்கே கூட்டிப் போகிறேன்.